புதுப்பிப்பு: கிதார் பிக்கப்பின் ஓம் கணக்கில் ஒரு திருத்தம்

எலக்ட்ரிக் கிதாரில் கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்தான் பிக்கப். அதன் மின்தடையை (ஓம்) பற்றிப் போன பதிவில் "ஓம் கூடினால் ஒலி கனக்கும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அது அரைகுறை. சுருள் சுற்றும் கம்பியில் 42 கேஜை விட 43 கேஜ் மெலிசு; அதே எண்ணிக்கைச் சுற்றுக்கே ஓம் கூடுதலாகக் காட்டும், ஒலி அவ்வளவாக மாறாது. பார்க்க வேண்டியது சுருளின் இண்டக்டன்ஸும் (மின்தூண்டல், ஹென்றியில்) கிதார் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும்தான் (மின்தேக்கு அளவு, பிக்கோஃபாரட்டில்).

ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிதார்) வகை சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப், 2.4 ஹென்றி, அதன் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் 120 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் உள்ள கேபிளில் 3 மீட்டர் போட்டால் ஒத்ததிர்வு உச்சி (பிக்கப் தூக்கலாகத் தரும் அதிர்வெண்) 5000 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். 6 மீட்டரில் 3800க்கு இறங்கிவிடும். புது பிக்கப் வாங்குவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். (பஃபர் என்ற, சிக்னலை வலுவாக்கி அனுப்பும் சின்ன மின்சுற்றுக்கு அப்புறம் உள்ள கேபிள் இந்தக் கணக்கில் வராது.) வால்யூம் பாட் (ஒலி அளவைத் திருகும் மின்தடை) 250கே ஓம் என்றால் உச்சி அமுங்கும், 500கே என்றால் தூக்கலாகத் தெரியும்.

கிதாரின் தடித்த ஈ (E) கம்பி மேல் ஃபிரெட்களில் (விரல்பலகையில் பிக்கப் பக்கம் உள்ள உலோகக் கட்டுகளில்) சுருதி அலைகிறது என்று கேட்டிருந்தீர்கள். பிக்கப்பின் ஆல்னிகோ (உலோகக் கலவை) காந்தம் கம்பியை இழுப்பதால் வருவது அது. கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடித்து, காந்த முனைக்கும் கம்பியின் அடிக்கும் நடுவே தடித்த ஈக்கு 2.4 மி.மீ., மெல்லிய ஈக்கு 2 மி.மீ. வையுங்கள். அப்போதும் அலைந்தால் பிக்கப்பின் திருகை அரை அரைச் சுற்றாகத் திருப்பி இறக்குங்கள், நெக் பிக்கப்பை (கிதாரின் கழுத்துப் பக்கம் உள்ளதை) முதலில். கம்பி அங்கேதான் அகலமாக ஆடுகிறது.