கடற்கரையை அழகுபடுத்த வந்தவர்களும் நாமும்: காசிமேடு முதல் எண்ணூர் வரை

எர்ணாவூர்க்காரன்:

2023 பட்ஜெட்டில் வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்ததிலிருந்து நம் பக்கம் டேப் பிடிக்கிறவர்களும் படிவம் நீட்டுகிறவர்களும் அடிக்கடி தென்படுகிறார்கள். அவர்களிடம் என்ன பேசினீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். நல்லதும் எழுதலாம், திட்டியும் எழுதலாம். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் கரைக்கு டேப்லெட்டோடு ஒரு பெண்ணும் பையனும் வந்தார்கள். 2027 முதல் 2046 வரை சென்னை எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் மாஸ்டர் பிளான் வருகிறது, அதற்காக மக்கள் கருத்தைக் கேட்கிறோம் என்றார்கள். நல்ல பிள்ளைகள்தான், வெயிலில் நின்று பொறுமையாகக் கேட்டார்கள். கடற்கரையில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது கேள்வி. நடைபாதை, புல்வெளி, உடற்பயிற்சிக் கருவி, தின்பண்டக் கடை என்று அதற்கு நாலைந்து பதில்கள் தயாராக இருந்தன.

பக்கத்தில் வலையை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார். “புல்லு போட்டா தெனம் தண்ணி ஊத்துவீங்க. ஈர மண்ணுல எங்க கருவாடு எப்படிம்மா காயும்?”

அந்தப் பெண் சிரித்துவிட்டு ‘மற்றவை’ என்ற கட்டத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டது. அந்தக் கட்டத்தை மேலே யாராவது படிப்பார்களா என்றுதான் சந்தேகம்.

வெளியூர்க்காரர்கள் மெரினாவை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அங்கே மணல் கொட்டிக் கிடப்பதற்கும் இங்கே இல்லாமல் போனதற்கும் காரணம் ஒன்றுதான். நம் கடலில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் அதற்குக் குறுக்கே வந்தது. தெற்கே தேங்கிய மணலில் மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே ராயபுரம் தொடங்கிக் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. கருங்கல் கொட்டினார்கள், பிறகு கடலுக்குள் நீளும் கல் சுவராகத் தூண்டில் வளைவு போட்டார்கள். இரண்டு வளைவுக்கு நடுவில் ஒதுங்கியிருக்கிற கொஞ்சம் மணல்தான் எங்களுக்கு மிஞ்சியது. படகு நிறுத்துவது, வலை காயவைப்பது, வலை பழுது பார்ப்பது, கருவாடு, திருவிழா, பசங்க கிரிக்கெட் எல்லாம் அதில்தான்.

அளவெடுக்கிறவர் வருகிற நேரத்தில் பாதிப் படகு கடலில் இருக்கும். அவர் எடுக்கிற போட்டோவில் இடம் காலியாகத் தெரியும். புயல் எச்சரிக்கை வந்த அன்று வந்து பார்க்கட்டும். அத்தனை ஃபைபர் படகையும் மேலே ஏற்றிய பிறகு அங்கே கால் வைக்க இடம் இருக்காது.

பிளான் வரைகிறவன்:

திருவொற்றியூரில் வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்ததும் ‘சீ வியூ’ கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் வந்து, கரையோரம் போகிற எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குக் கடல் பக்கம் இடம் படிகிறது, கீழே வண்டி நிறுத்தத் தூண் மட்டும் விட்டு நாலு மாடி போட்டுக் கொடுங்கள் என்றார். முடியாது என்றேன். ரோட்டுக்கு எதிர்ப்புறம் மாடி வீடு நிற்கிறதே என்று கோபப்பட்டார்.

நிற்கும். ஏனென்றால் அது நிலத்துப் பக்கம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991-ல் வந்தன, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதினார்கள். கட்டடங்கள் நெருங்கிவிட்ட நகரப் பகுதிக்கு அதில் ஒரு கோடு உண்டு. ஏற்கெனவே இருக்கிற சாலைக்கோ, அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலத்துப் பக்கம்தான் புதிதாகக் கட்டலாம். அவர் விடவில்லை. “நாளைக்கு இன்னும் உள்ளே தள்ளி ஒரு ரோடு வந்துட்டா?” என்றார். அதையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள் சார், பழைய ரோட்டுக்குக் கடல் பக்கம் புது ரோடு போட்டால் கோடு நகராது என்றேன். வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று எழுந்து போனார்.

எனக்கு வருமானம் போனதுதான். ஆனாலும் இந்த ஒரு வரி இல்லையென்றால் பட்டினத்தார் சமாதியில் நின்று கடலைப் பார்க்க எவனாவது ஃபிளாட் ஓனரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். மாடியைத் தடுக்கிற இதே விதியில் துறைமுகத்துக்கு வழி இருக்கிறது. நீர்முனை இல்லாமல் இயங்காத கட்டுமானம் என்ற கணக்கில் அனுமதி வாங்கலாம். அதனால் திருவொற்றியூரில் ஒரு மாடிக்கு நாம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது வடக்கே காட்டுப்பள்ளியில் 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கர் ஆக்கத் திட்டம் போடுகிறார்கள். ஊரின் முகம் மாறுவது எதனால் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காசிமேட்டு அக்கா:

என்னுடையது சின்னது. ஞாயிற்றுக்கிழமை ஏலம் முடிந்து மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணா நகரிலிருந்து வந்த ஒரு அம்மா, “இங்க டாய்லெட் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார். “அதைத்தான் நாங்களும் கேட்டுக்கிட்டு இருக்கோம்” என்றேன். விடியலுக்கு முன்பே வந்து மதியம் வரை உட்கார்ந்திருக்கிற பொம்பளைங்க என்ன செய்வோம் என்று அந்த அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கையைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டு ஒரு கிலோ சங்கரா வாங்கிப் போனார்.

செல்ஃபி எடுக்க ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் கழிப்பறை, குடிதண்ணீர், நிழல், நல்ல லைட்டு. வருகிறவங்களுக்கும் அதுதான் வேணும், எங்களுக்கும் அதுதான் வேணும்.

முகத்துவாரம்:

அக்கா சொன்னது சரி. எங்கள் பக்கம் வந்தவர் ஒருவர் கொசஸ்தலை ஆற்றில் படகுச் சவாரி விடலாம், ஊர் இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும் என்று உற்சாகமாகப் பேசினார். எப்போது தெரியுமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கக் கறுப்பாகப் படிந்ததே, அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. மாமாவின் வலை அப்போதும் பிசுபிசுவென்று கொல்லையில் கிடந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி அமோனியா கசிந்தபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். சவாரிக்கு வருகிறவர்களையும் சேர்த்து எந்த ரோட்டில் ஓடுவது சார் என்று மாமா கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. சந்து அகலம் அவருக்குத் தெரியும்.

கடலோர மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வரைபடத்தை 2023-ல் வெளியிட்டார்களே, அதை மாமாவும் நானும் போனில் பெரிதாக்கிப் பார்த்தோம். சாலை இருக்கிறது, தொழிற்சாலை இருக்கிறது. படகு ஏறும் துறையையும் மடவை மீனுக்கு வலை போடும் இடத்தையும் தேடினார். காணவில்லை. “நாம என்ன காத்துலயா இருக்கோம்?” என்றார்.

பிளான் வரைகிறவன்:

தம்பி, அதைத்தான் பிடிக்க வேண்டும். மீனவ கிராமங்கள், அவர்களுடைய பொது இடங்கள், படகுத்துறை, ஐஸ் ஆலை, மீன் காயவைக்கும் இடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கையிலேயே இருக்கிறது. மீனவர்களின் எதிர்கால வீட்டுத் தேவைக்கும் தனித் திட்டம் போடச் சொல்கிறது. ஆக, ஆயா கேட்டது சலுகை இல்லை. நெத்திலி காய்கிற இடம் வரைபடத்தில் இருந்தால், புல்வெளி போட வருகிறவர்தான் ஊரைக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் ரெக்கார்டில் அது வெறும் புறம்போக்கு, யார் வேண்டுமானாலும் பெஞ்சு போடலாம்.

எர்ணாவூர்க்காரன்:

அப்படியென்றால் எதிர்ப்பு மனுவோடு நிறுத்தாமல் நாமே வரைந்து கொடுத்துவிடலாமா? எர்ணாவூர், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் மூன்று இடத்துக்கும் முதலில் போடலாம். படகு நிற்கிற இடம், புயலுக்கு ஏற்றுகிற இடம், வலை, கருவாடு, ஆபத்துக்கு ஓடுகிற வழி. பஞ்சாயத்துப் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கி வார்டு அலுவலகத்திலும், மாஸ்டர் பிளான் போடுகிற சி.எம்.டி.ஏ.-விலும் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) கொடுத்து ரசீது வாங்கிவிடுவோம்.

பிளான் வரைகிறவன்:

வரைவது என் பொறுப்பு, காசு வேண்டாம். சர்வே எண் போட்ட புல வரைபட நகல் யாரிடமாவது இருந்தால் எடுத்து வையுங்கள். கூட நடந்து இடத்தைக் காட்ட ஊருக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், கருவாட்டு இடமெல்லாம் ஆம்பளைகளுக்குச் சரியாகத் தெரியவில்லை. சாயங்காலம், படகெல்லாம் கரையில் இருக்கிற நேரமாகச் சொல்லுங்கள்.

காசிமேட்டு அக்கா:

எங்க ஊரை மட்டும் விட்டுட்டீங்களே தம்பி. நான் வரேன். ஞாயிறு மட்டும் வேண்டாம்.