பாட்டியின் கூறைப்புடவையை எடைக்குப் போடலாமா?

செங்கமலம்:
பாட்டி போய் இரண்டு வருடம் ஆகிறது. நேற்று பீரோவை ஒழித்தபோது அவருடைய கல்யாணக் கூறைப்புடவை கிடைத்தது. அரக்கு நிறம், பச்சைக் கரை, 1962இல் காஞ்சிபுரத்தில் எடுத்தது என்று அம்மா சொல்கிறார். மடிப்பெல்லாம் இற்றுப்போய், விரித்தாலே கிழிகிறது. பழைய பட்டுப்புடவை வாங்க தெருவில் வருபவரிடம் காட்டினோம். ஜரிகைக்கு மட்டும்தான் விலையாம், புடவையை எரித்து வெள்ளியை எடுத்துக்கொள்வார்களாம். அதைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. அம்மாவோ, கிழிந்ததை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்கிறார். என்னதான் செய்வது?

பிள்ளையார்பாளையத்தான்:
கொடுத்துவிடாதே தங்கச்சி. முதலில் கரையைப் பார். உடலின் அரக்கு நூல் கரைக்குள் ஓடாமல் பச்சை சுத்தப் பச்சையாக இருந்தால் அது கோர்வை, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோர்த்தது. அதற்கு மூன்று நாடா, அதாவது குறுக்கு நூலை வீசும் கட்டை, வேண்டும், தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். எங்கள் வீட்டுக் குழித்தறியில் அப்பா நெய்ய, மறு கரை நாடாவை வீச நான் பக்கத்தில் உட்காருவேன், அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் தெருவில் பல பிள்ளைகளுக்குப் படிப்பு நின்றதே அப்படித்தான், அதை மறைத்துவிட்டுப் பெருமை பேச எனக்கு மனசு வராது. இன்னொன்று, முந்தி வேறு நிறமா? அப்படியென்றால் அது தொடங்கும் இடத்தை விரலால் தடவிப் பார், மேடாகத் தட்டும். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்; பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்த்த இடம் அது, நாங்கள் பேட்னி என்போம். அதையா எரிப்பது?

மீனா தையல்:
வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு இற்றுத்தான் போகும். அந்துருண்டை இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், ஜரிகை கறுத்துவிடும். வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் ஆறவிட்டு மடிப்பை மாற்றுங்கள். உடல் போனாலும் கரையும் முந்தியும் அநேகமாக நன்றாகவே இருக்கும். என் அத்தை புடவையின் கரையைப் பிரித்து, புதுப் பட்டில் வைத்துத் தைத்துத்தான் என் மகளுக்குப் பாவாடை போட்டேன்.

ஆரணி வாசு:
பணமுடை என்றால் விற்பதில் தப்பே இல்லை, என் கல்லூரிக் கட்டணத்துக்கு அம்மா இப்படித்தான் இரண்டு புடவையைக் கொடுத்தார். ஆனால் உங்களுக்கு அந்த நெருக்கடி இருப்பதாகத் தெரியவில்லை, அதனால் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், புதுப் புடவை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில்க் மார்க் இருந்தால் பட்டு சுத்தம் என்றுதான் அர்த்தம், கையால் நெய்தது என்று அர்த்தமில்லை. கைத்தறி முத்திரை தனி. சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985இலேயே சட்டம் வந்தும், விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று சொல்லி விற்பது நிற்கவில்லை. கேட்டு வாங்கினால்தான் தறியில் உட்கார்ந்தவருக்குக் கூலி போய்ச் சேரும்.

செங்கமலம்:
அண்ணா, பச்சை சுத்தப் பச்சைதான்! முந்தியிலும் அந்த மேடு தட்டுகிறது. அம்மா தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து அவரே அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்து வந்தார். மீனா அக்கா, இற்ற பட்டிலிருந்து கரையைக் கிழியாமல் பிரிக்கக் கத்தரி நல்லதா, பிளேடா?