சிறு வயதில் ஏறிய வண்டிதான் பழைய கார் காதலுக்கு விதையா?

ஹெரால்டு68:
பழைய கார் வைத்திருப்பவர்களோடு பல வருடமாகப் பழகுகிறேன். ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுத்தால் கடைசியில் சிறு வயதில் ஏறிய ஒரு வண்டியில் போய் நிற்கிறது. அந்த முதல் வண்டி இல்லாமல் இந்தக் காதல் வராது என்பது என் உறுதியான கருத்து.

எனக்கு அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தது. இங்கிலாந்தில் இதன் மூல வண்டியான ட்ரையம்ப் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நான்கு கதவு வைத்த ஹெரால்டு நம் ஊரில் மட்டுமே வந்தது, அப்பாவிடம் இருந்தது அதுதான். அதன் பானெட் மற்ற கார்கள் மாதிரி திறக்காது. இரண்டு பக்கமும் கொக்கியை விடுவித்துத் தூக்கினால், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மூக்கு முழுவதும் முன்னால் சாயும். எஞ்சின், முன் சக்கரம், ஸ்டீயரிங் எல்லாம் ஆறு வயதுப் பையனின் கண் உயரத்தில் திறந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா முன் டயர் மேல் உட்கார்ந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார். நான் டார்ச் பிடிப்பேன். இப்போது எனக்கு 58 வயது. ஷெட்டில் நிற்பதும் ஒரு ஹெரால்டுதான்.

மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

புழுதிச்சாலை:
நான் மறுக்கிறேன் சார். எங்கள் தெருவிலேயே கார் கிடையாது. அப்பாவிடம் சைக்கிள், வெளியூர் என்றால் பேருந்து. 27 வயதில் வேலைக்குப் போன பிறகு, புதுக் காருக்குப் பணம் போதாமல் ஒரு பழைய பிரீமியர் பத்மினியை வாங்கினேன். முதல் ஆறு மாதம் அதன் மேல் எனக்குக் கோபம்தான். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கியர் கம்பியில் இரண்டாவது எங்கே, மூன்றாவது எங்கே என்று தேடி, சிக்னலில் பின்னால் நிற்பவர்களின் ஹாரனைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது.

பிறகு ஒரு மெக்கானிக் அண்ணன், "மாசாமாசம் ஏம்மா காசு கொடுக்கிறே, வா, கத்துக்கோ" என்றார். பிளக்குக்கு ஸ்பார்க் வரவைக்கும் சி.பி. பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பது, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை விட்டு, வால்வைத் திறக்கும் டேப்பெட்டின் இடைவெளி பார்ப்பது எல்லாம் அவர் கற்றுக்கொடுத்ததுதான். நானே டேப்பெட் சரிசெய்து சாவியைத் திருப்பியபோது, அந்த டக்டக் சத்தம் அடங்கி எஞ்சின் சீராக ஓடியது. என் காதல் பிறந்தது அன்றைக்கு. அதில் குழந்தைப் பருவத்துக்குப் பங்கே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் கார் இருந்தது? முதல் வண்டி இருந்தால்தான் இந்தக் காதல் வரும் என்றால், இது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் சொத்தாகிவிடும். அதை என்னால் ஏற்க முடியாது.

மீட்டர்வண்டி:
நான் வேறு பக்கத்திலிருந்து மறுக்கிறேன். சிறு வயதில் எனக்கு வண்டி இருந்தது, காதல் வரவில்லை.

அப்பா அம்பாசிடர் டாக்சி ஓட்டினார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பர்லியாறில் நிறுத்தியே ஆக வேண்டும். ரேடியேட்டர் கொதிக்கும். பெட்ரோல் பம்ப் சூடேறி உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் எஞ்சினுக்குப் போய்ச் சேராது. ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிவிட்டுக் காத்திருப்பார். உள்ளே சவாரிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஒருமுறை ரேடியேட்டர் மூடியைத் திறக்கும்போது ஆவி அடித்து அவர் முன்கை வெந்துவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பழைய கார் அணிவகுப்பில் பளபளக்கும் அம்பாசிடரைப் பார்த்து எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது.

2014இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றபோது பலர் கண்ணீர் விட்டு எழுதினார்கள். எனக்கு அந்த வருத்தம் வரவில்லை. ஏ.சி. இல்லாமல், பவர் ஸ்டீயரிங் இல்லாமல் அதில் தினம் 12 மணி நேரம் உழைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஹெரால்டு68:
மீட்டர்வண்டி தம்பி, உங்கள் அப்பாவின் கையைப் பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அதற்கு எதிராக நான் வாதாட மாட்டேன்.

புழுதிச்சாலை அம்மாவுக்கு ஒரு கேள்வி. சொந்தக் கார்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து ஊர் கல்யாணத்துக்கு வந்த கார், பேருந்தில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு, இப்படி ஏதாவது?

புழுதிச்சாலை:
முதலில் வீட்டு வண்டி என்றீர்கள், இப்போது பேருந்து சீட்டு வரை வந்துவிட்டீர்கள். வண்டியே பார்க்காத குழந்தை யாரும் இல்லை. அதையும் காரணம் என்று சேர்த்துக்கொண்டால் உங்கள் கருத்தைச் சோதித்துப் பார்க்கவே வழியில்லாமல் போய்விடும். பேருந்தில் எனக்கு வாந்திதான் வந்தது சார்.

ஏ40:
வணக்கம். நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கத்தில் ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் எல்லாம் காட்சிப் பொருளாக இல்லாமல் நெடுங்காலம் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓடிய வண்டிகள். 1977க்கு முந்தைய இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புதுக் கார் வரவில்லை, இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடினோம். 1990க்குப் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. அப்பா தன்ர ஏ40ஐ மண்ணெண்ணெயில் ஓட்டினார்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் லேசில் ஆவியாகாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருப்போம். அதில் சில துளியை, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்து எஞ்சினுக்குள் அமுக்கம் குறைவு என்பதால்தான் அது தாங்கியது. இன்றைய காரில் இது நடக்காது. பிளக்கில் கரி ஏறிவிடும், அடிக்கடி கழற்றித் துடைக்க வேணும். போத்தல் பிடிப்பதும் பிளக் துடைப்பதும் என்ர வேலை. எனக்கு அப்ப பதினொரு வயது. நோயாளிகளை, பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்களை அந்தக் கார் ஏற்றிக்கொண்டு போயிருக்கு.

மீட்டர்வண்டி சொன்ன கஷ்டம் எங்களுக்கும் இருந்தது. ஆனால் எனக்கு வெறுப்பு வரவில்லை. இன்றைக்கும் வெளிநாட்டில் எங்காவது ஏ40 சத்தம் கேட்டால் நின்றுவிடுவேன். ஹெரால்டு ஐயா சொல்வதுதான் எனக்குச் சரி.

மீட்டர்வண்டி:
அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எனக்கு ஒன்று பிடிபட்டது. உங்கள் அப்பா உங்கள் கையில் போத்தலைக் கொடுத்தார். ஹெரால்டு சாரின் அப்பா டார்ச்சைக் கொடுத்தார். என் அப்பா வண்டிப் பக்கமே விட மாட்டார். "இதைத் தொட்டா இதே பொழப்புதான், போய்ப் படி" என்பார். நான் பின் சீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்து பார்த்தது மட்டும்தான். புழுதிச்சாலை அக்காவுக்கு 27 வயதில் ஒரு மெக்கானிக் ஸ்பேனரைக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் வயதும் முதல் வண்டியும் இதில் முக்கியம் இல்லை. யார் நம்மைத் தொட விட்டார்கள் என்பதுதான்.

அப்பா செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் படித்தேன்.

எண்ணூறு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 31 வயது, எங்கள் வீட்டுக் கார் மாருதி 800. அதை யாரும் என்னைத் தொட விடவில்லை, ஆனாலும் அதன் மேல் உயிர். பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போன பயணங்கள்தான் காரணம். என் நண்பர்கள் 1983 முதல் 1986 வரை வந்த முதல் மாடல் 800ஐ ஊர் ஊராகத் தேடுகிறார்கள். அம்பாசிடரை யாரும் தேடவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தான் ஏறிய வண்டியைத்தான் தேடுகிறது. ஹெரால்டு சாருக்கே என் ஓட்டு.

ஒரு வருத்தம். 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டினால்தான் பழம்பெரும் வண்டி என்ற விண்டேஜ் பதிவு. முதல் 800க்கே அது 2033இல்தான் கிடைக்கும். அதுவரை எத்தனை வண்டி காயலான் கடைக்குப் போகுமோ.

ஹெரால்டு68:
எண்ணூறு, ஆதரவுக்கு நன்றி. ஆனால் மீட்டர்வண்டி தம்பி சொன்னது என்னை யோசிக்க வைத்துவிட்டது. என் அண்ணனும் அதே ஹெரால்டில்தான் வளர்ந்தான். அவனுக்குக் கார் என்றால் ஏறி இறங்கும் பொருள், அவ்வளவுதான். டார்ச் என் கையில்தான் இருந்தது. இதை இத்தனை வருடம் நான் யோசித்ததே இல்லை. ஆனாலும் அந்த முன்னால் சாயும் பானெட் இல்லாமல் வேறு ஒரு கார் என்னை இப்படிப் பிடித்திருக்குமா என்றால், இருக்காது என்றுதான் இப்போதும் சொல்வேன்.

புழுதிச்சாலை:
பானெட் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன் சார், திறந்து காட்டும் வண்டிக்கு அந்தச் சக்தி உண்டு. குழந்தைப் பருவத்தை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த ஞாயிறு பத்மினியின் கியர் லிங்கேஜ் புஷ் (கியர் கம்பி இணைப்பில் தேய்ந்துபோகும் சின்ன வளையம்) மாற்றப் போகிறேன், பக்கத்து வீட்டுப் பெண் பார்க்க வருகிறாள். அவளுக்கு 19 வயது, வீட்டில் ஸ்கூட்டர்தான். ஸ்பேனர் அவள் கையில்தான் இருக்கும்.