மேக்கில் லாகின் கீசெயின் திரும்பத் திரும்ப பாஸ்வேர்டு கேட்கிறது

கேள்வி:
என் கணக்கின் பாஸ்வேர்டு மறந்துபோனதால் அட்மின் ரீசெட் செய்து கொடுத்தார். அதிலிருந்து, உள்ளே நுழைந்ததுமே "அக்கவுன்ட்ஸ்டி லாகின் கீசெயினைப் பயன்படுத்த விரும்புகிறது" என்று பெட்டி வருகிறது (அக்கவுன்ட்ஸ்டி என்பது மேக்கில் பின்னணியில் ஓடும் புரோகிராம், கீசெயின் என்பது மேக் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பெட்டகம்). புது பாஸ்வேர்டு போட்டால் பெட்டி குலுங்குகிறது. கேன்சல் கொடுத்தால் உடனே அடுத்தது. சஃபாரியில் சேமித்த பாஸ்வேர்டுகள் போகாமல் சரிசெய்ய வழி உண்டா?

பதில் 1:
எதையும் அழிக்காதீர்கள், ரீசெட்டும் வேண்டாம். கீசெயினுக்கென்று தனிப் பூட்டு இருக்கிறது. பழைய பாஸ்வேர்டைப் போட்டு நீங்களே மாற்றினால் இரண்டும் சேர்ந்து மாறும். அட்மின் மாற்றினால் கணக்குக்கு மட்டும்தான் மாறும், கீசெயின் பழையதிலேயே நிற்கும்.

அதனால் பழைய பாஸ்வேர்டு ஞாபகம் வந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். ஏற்றுக்கொண்டால் கீசெயின் ஆக்சஸ் என்ற ஆப்பைத் திறந்து, இடப்பக்கம் லாகினைத் தேர்ந்தெடுத்து, எடிட் மெனுவில் "சேஞ்ச் பாஸ்வேர்டு ஃபார் கீசெயின் லாகின்". முதல் கட்டத்தில் பழையது, மற்ற இரண்டிலும் இப்போதைய லாகின் பாஸ்வேர்டு. மேக்ஓஎஸ் செக்கோயா பதிப்பில் இந்த ஆப் யூட்டிலிட்டீஸ் ஃபோல்டரில் இருக்காது, ஸ்பாட்லைட்டில் தேடுங்கள்.

பதில் 2:
பழையது நினைவுக்கு வரவே இல்லை என்றால், அதே ஆப்பின் செட்டிங்ஸில் "ரீசெட் டிஃபால்ட் கீசெயின்ஸ்". பழைய ஃபைல் பெயர் மாறி டிஸ்க்கிலேயே கிடக்கும். என்றைக்காவது பாஸ்வேர்டு நினைவுக்கு வந்தால் திறக்கலாம்.

பெட்டியில் லாகினுக்குப் பதில் "லோக்கல் ஐட்டம்ஸ்" என்ற இன்னொரு கீசெயினின் பெயர் வந்தால் மட்டும் வேறு வைத்தியம். ஃபைண்டரில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு கோ மெனு, லைப்ரரி, கீசெயின்ஸ். எண்ணும் எழுத்துமாக நீளப் பெயருள்ள ஃபோல்டரை டெஸ்க்டாப்புக்கு நகர்த்தி உடனே ரீஸ்டார்ட். சஃபாரி பாஸ்வேர்டுகள் அதற்குள்தான் இருக்கின்றன! ஐகிளவுட் கீசெயின் (உங்கள் ஆப்பிள் கருவிகளுக்கிடையே பாஸ்வேர்டுகளைப் பகிரும் வசதி) வேறொரு கருவியிலும் ஓடினால் திரும்ப இறங்கிவிடும். இல்லையென்றால் அந்த ஃபோல்டரில் கை வைக்காதீர்கள்.

பதில் 3:
பின்னால் தேடி வருபவர்களுக்கு: பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டால் அது வேறு நோய். கீசெயின் ஆக்சஸின் எடிட் மெனுவில் "சேஞ்ச் செட்டிங்ஸ் ஃபார் கீசெயின் லாகின்" திறந்தால் இரண்டு டிக் இருக்கும்: இத்தனை நிமிடம் சும்மா இருந்தால் பூட்டு, ஸ்லீப்பில் பூட்டு. இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு ஆப் மட்டும் நச்சரித்தால், "அலவ்" அழுத்தாமல் "ஆல்வேஸ் அலவ்" அழுத்துங்கள். "அலவ்" அந்த ஒரு தடவைக்குத்தான். அனுமதி ஆப்பின் டிஜிட்டல் கையொப்பத்தோடு ஒட்டியது; முறையாகக் கையொப்பமிடாத ஆப் அப்டேட் ஆனால் கீசெயினுக்கு அது புது ஆள், மறுபடி கேட்கும். கீசெயின் ஆக்சஸில் அந்த ஆப் கேட்கும் பாஸ்வேர்டின் பதிவை டபுள் கிளிக் செய்து ஆக்சஸ் கன்ட்ரோலில் பழைய ஆப்பை நீக்கிவிட்டுப் புதியதைச் சேருங்கள். எல்லா ஆப்புக்கும் அனுமதி கொடுக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. தொல்லை தீரும்தான், ஆனால் எந்த ஆப் வேண்டுமானாலும் கேட்காமலே அந்தப் பாஸ்வேர்டைப் படித்துவிடும்.