அப்டேட்: சாட் ஃபைல் திறந்துடுச்சு, ஆனா நான் நெனச்ச வழியில இல்ல

போன வாரம் புலம்பியிருந்தேன்ல, போனை ரீசெட் பண்றதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்போட டேட்டாபேஸ் ஃபோல்டரை (சாட் பேக்கப் இருக்கற இடம்) மட்டும் லேப்டாப்ல காப்பி பண்ணி வச்சேன், இப்ப எதுல திறந்தாலும் குப்பையா வருதுன்னு, அது சரியாயிடுச்சு.

பேரு கிரிப்ட்14னு முடியுற அந்த ஃபைலுக்குள்ள இருக்கறது சாதாரண எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்தான் (மெசேஜ்லாம் அட்டவணையா சேமிச்ச ஒரே ஃபைல்), ஆனா மேல 256 பிட் ஏஇஎஸ்ங்கற என்க்ரிப்ஷன் பூட்டு. சாவி தனி ஃபைல், ஆப்போட சொந்த இடத்துல இருக்கும், ரூட் பண்ணாத (அதாவது சிஸ்டத்தோட முழு அனுமதியும் நம்ம கைக்கு எடுக்காத) போன்ல நம்ம கைக்கே எட்டாது, ரீசெட்ல அது காலி. சாவி இல்லாமலே திறந்து தர்றோம்னு சொல்ற சாஃப்ட்வேர்லாம் சுத்த டுபாக்கூர், ரெண்டு இறக்கிப் பாத்துட்டுதான் சொல்றேன்.

கடைசில என்ன பண்ணேன்னா, ஃபைலை திரும்ப அதே ஃபோல்டர்ல போட்டு, ஆப்பை இன்ஸ்டால் பண்ணி, அதே நம்பருக்கு வந்த ஓடிபிய குடுத்தேன், சர்வர்ல இருந்து சாவி வந்து ரீஸ்டோர் ஓடிடுச்சு. (2021ல வந்த எண்ட் டு எண்ட் பேக்கப், அதாவது சாவி நம்மகிட்ட மட்டும் இருக்கற பேக்கப், நான் ஆன் பண்ணல, பண்ணியிருந்தா பாஸ்வேர்டோ 64 இலக்க சாவியோ கேட்டிருக்கும், மறந்திருந்தா வாட்ஸ்அப்காரங்களாலயே ஒண்ணும் பண்ண முடியாது.)

போட்டோ என்னாச்சுன்னு கேட்டவங்களுக்கு: போச்சு. மீடியா ஃபோல்டருக்கு பூட்டே கிடையாது, வெறும் ஜேபெக்கா (சாதாரண போட்டோ ஃபைலா) கிடக்கும், அத காப்பி பண்ணாம விட்டது நான்தான். இப்ப சாட்ல மங்கலா ஒரு குட்டிப் படம் தெரியுது, தொட்டா ஃபைல் இல்லன்னு சொல்லுது.