சீனக் கதையில வர்ற தாமரைக் கிழங்க இங்கிலீஷ்ல எப்படிக் கொண்டு போறது?

திருமங்கலத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். ஷென்ஜென்ல 4 வருசம் வேலை பாத்தப்ப சீனம் கத்துக்கிட்டேன், இப்ப ஊருக்கே வந்துட்டேன், ராத்திரில உக்காந்து ஒரு சீனச் சிறுகதைய இங்கிலீஷ்ல பண்ணிட்டிருக்கேன். அதுல புருசன விட்டுப் பிரிஞ்சு வந்த மகளப் பாத்து அம்மாக்காரி "ஓவ் துவான் ஸு லியென்"னு ஒத்த வரி சொல்லுது. தாமரைக் கிழங்கு ஒடிஞ்சிருச்சு, நூலு இன்னும் அறலன்னு அர்த்தம், அதாவது பிரிஞ்சும் மனசு விடல. இதுல 'ஓவ்'ங்கற சத்தம் கிழங்குக்கும் ஜோடிக்கும் ஒண்ணு, 'ஸு' நூலுக்கும் ஏக்கத்துக்கும் ஒண்ணு, எழுத்துதான் வேற. ஃப்ரெண்டு ஒருத்தன் "கேரியிங் எ டார்ச்"னு (தீப்பந்தம் ஏந்துறது, அதாவது பிரிஞ்சவங்க மேல இன்னும் ஆசை விடலங்கற இங்கிலீஷ் வழக்கு) போட்டுட்டுப் போடாங்கறான், எனக்கு மனசே ஒப்பல. இன்னொன்னு, கல்யாணத் தலகாணில மாண்டரின் டக் ஜோடி தச்சிருக்கு. அங்க அது பிரியாத புருசன் பொஞ்சாதி, இங்கிலீஷ்ல படிக்கிறவங்களுக்கு வெறும் வாத்து. என்ன செய்யலாம்?

மாட்டுத்தாவணி மல்லி:
தம்பி, டார்ச் வேணவே வேணாம். அது நெருப்பு, இது தண்ணிக்குள்ள சேத்துல வளர்றது, அந்தம்மா அடுப்படில நறுக்குற சாமான். சின்னதுல கண்மாய்ல தாமரைத் தண்ட ஒடிச்சு இழுத்துப் பாத்திருக்கேன், சிலந்தி நூலாட்டம் நீண்டுக்கிட்டே வரும், அதப் பாத்தவங்களுக்கு விளக்கமே வேணாம். பாக்காதவங்களுக்கு அந்த வரியிலயே ஒடியறதும் நூல் நீள்றதும் கண்ணுல தெரியணும், அடிக்குறிப்புல இல்ல.
ஆனா எல்லாத்தையும் இப்படித் தூக்கிச் சுமக்காத. 'மாமாஹுஹு'ன்னு வரும்ல, குதிரை குதிரை புலி புலி, அது சும்மா ஏனோதானோன்னுதான. முகூர்த்த நாள்ல மல்லி யானை விலை குதிரை விலை விக்குதுங்கறோம், யாரு கண்ணுல யானை தெரியுது? அந்த மாதிரி எடத்துல 'சோ சோ' போதும்.

கொடைரோடு வாசகன்:
அக்கா சொன்னது சரி. ஏ.கே.ராமானுஜன் 1967ல குறுந்தொகைப் பாட்டுகள இங்கிலீஷ்ல கொண்டாந்தப்ப கருங்கோற் குறிஞ்சிய வேற பூவா மாத்தல, குறிஞ்சின்னே விட்டு கருப்புத் தண்ட மட்டும் காட்டுனார். வாத்துக்கும் நம்மகிட்ட வழி இருக்கு தம்பி. குறுந்தொகை 57ல மகன்றில் ஜோடிக்கு நடுவுல ஒரு பூ வந்தாக் கூட வருசம் போன மாதிரி இருக்குமாம். பறவை பேரு தெரியாதவங்களுக்கும் அந்தப் பூவே சொல்லிருது பாருங்க. நீங்களும் வாத்துன்னு நிறுத்தாம, ஒட்டி நீந்துற ஜோடின்னு ரெண்டு வார்த்தை சேத்துக்கங்க. நூலுக்கு 'டை'ங்கற சொல்லு வருமா பாருங்க, கட்டும் அதான், உறவும் அதான்.

திருமங்கலத்தான்:
அண்ணே, 'டை' தோணவே இல்ல எனக்கு! அப்ப 'ஸு' பாதி தப்பிச்சிருச்சு. 'ஓவ்'வுக்குத்தான் வழியில்ல, ஜோடிங்கறத அந்தத் தலகாணி வாத்துகிட்டயே ஒப்படைச்சிர்றேன். டார்ச்ச அழிச்சாச்சு.