மாம்பலகை அறுக்க எந்த டேபிள் சா (மேஜை ரம்பம்)? காவேரிப்பட்டணம், உதவி தேவை

மாந்தோப்பு:
வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்துல கிராமம். வீட்டை ஒட்டி 12க்கு 15 அடியில தகர ஷெட் போட்டிருக்கேன். அலமாரி, பிள்ளைகளுக்குப் படிப்பு மேஜை, ஊஞ்சல் பலகை, இந்த மாதிரி வீட்டு வேலைதான். விற்பனைக்கு இல்லை.

தோப்புல காய்ப்பு விட்டுப்போன கிழட்டு மாமரங்களை எடுத்து, மில்லுல ஒன்றேகால் அங்குலப் பலகையா அறுத்து, இடையில ரீப்பர் வச்சு அடுக்கியிருக்கேன். போன வருஷம் மாசியில அறுத்தது. அதோட 18 எம்எம் பிளைவுட்டும் அறுக்க வேண்டியிருக்கு.

என் முன்னாடி மூணு வழி இருக்கு. ஒண்ணு, சேலத்துல செய்யற இரும்பு டேபிள் போட்ட கட்டிங் மெஷின், 2 ஹெச்பி மோட்டார், பெல்ட்டுல ஓடறது. இன்னொண்ணு, கம்பெனி போர்ட்டபிள் டேபிள் சா, 10 அங்குல பிளேடு. மூணாவது, கையில பிடிக்கிற சர்க்குலர் சாவையே பலகைக்கு அடியில தலைகீழா மாட்டிக்கிறது.

இதுல ஒரு குழப்பம். தெரிஞ்சவர் பட்டறையில 2 ஹெச்பி மெஷின்ல என் மாம்பலகையை நீளவாக்குல விட்டுப் பார்த்தோம். பாதி தூரம் போனதும் பலகை பிளேடைக் கவ்விக்குது. ஓரம் கருகுது, மோட்டார் உறுமுது. ஹெச்பி பத்தலை, 3 ஹெச்பி போடுங்கன்னு அவர் சொல்றார். அப்படித்தானா?

சாயங்காலம் எங்க லைன்ல வோல்டேஜ் 190க்கு இறங்கிடும். அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க.

பாலக்கோடு தச்சன்:
தம்பி, ஹெச்பி பத்தி அப்புறம் பேசலாம். ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. அந்த மெஷின்ல பிளேடுக்குப் பின்னாடி, பிளேடை ஒட்டின மாதிரி ஒரு தகடு நிக்குதா? நீங்க விட்ட பலகையோட ஒரு ஓரம் நேரா இழைச்சதா, இல்ல மில்லுல வந்த படியேவா?

மாந்தோப்பு:
தகடு ஒண்ணும் இல்லைங்கண்ணா. வெறும் பிளேடுதான் மேல நிக்குது. பலகையும் மில்லுல வந்த படியேதான். லேசா வளைஞ்சு இருந்தது.

பாலக்கோடு தச்சன்:
அப்போ 5 ஹெச்பி போட்டாலும் இதேதான் நடக்கும். போதாக்குறைக்கு, நின்னு போக வேண்டிய மோட்டார் நிக்காம பலகையைத் தூக்கி வீசும்.

மாமரம் வளரும்போதே உள்ள இழுவிசையை வச்சுக்கிட்டு வளருது. சாஞ்சு நின்ன மரம், பெரிய கிளையில அறுத்த பலகை, இதுலெல்லாம் இன்னும் அதிகம். அதை நீளவாக்குல பிளந்தா அந்த இழுப்பு அவிழும். சில பலகை ரெண்டா விரிஞ்சு விலகும், சிலது உள்பக்கமா மூடிக்கும். மூடினா அறுத்த வாய் பிளேடோட பின்பாதியைக் கவ்வும். உங்க பலகை செய்யறது அதுதான்.

ஆபத்து எங்க இருக்குன்னா, பிளேடோட முன்பக்கப் பல் கீழ நோக்கி இறங்கி மரத்தை டேபிளோட அழுத்துது. பின்பக்கப் பல் கீழேருந்து மேல ஏறுது. கவ்வின மரத்தை அந்தப் பல் பிடிச்சா பலகையைத் தூக்கி, நிக்கிற ஆள் வயித்தைப் பார்த்து எறியும். நிமிஷத்துக்கு 4,000 சுத்து ஓடற 10 அங்குல பிளேடோட பல் நுனி மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்துல போகுது. அந்த வேகத்துல வர்ற பலகைக்கு ஒதுங்க யாருக்கும் நேரம் கிடைக்காது. பலகையை அமுக்கிப் பிடிச்ச கையும் அதே இழுப்புல பிளேடு பக்கம் போயிடும். விரல் போனவங்க பல பேருக்கு அப்படித்தான் போயிருக்கு.

இதைத் தடுக்கத்தான் பின்னாடி அந்தத் தகடு. ரைவிங் நைஃப்னு கேளுங்க. பிளேடு ஏறினா அதுவும் ஏறும், இறங்கினா அதுவும் இறங்கும். அறுத்த வாயை மூட விடாது. பல்லுக்கும் தகடுக்கும் இடைவெளி 3லிருந்து 8 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். அது இல்லாத மெஷினை, நீங்களா தனியா நின்னு கத்துக்கப் போற வீட்டுப் பட்டறைக்கு நான் சொல்லவே மாட்டேன். என்ன விலைக்குக் கொடுத்தாலும் சரி.

அடுத்தது வளைஞ்ச ஓரம். கைடுல, அதாவது பலகையை ஒட்டித் தள்ளறதுக்கு டேபிள் மேல பூட்டற நேர்ச் சட்டத்துல, சாயற ஓரம் நேரா இல்லைன்னா பலகை போகப் போகத் திரும்பும், பிளேடுக்குக் குறுக்க நிக்கும். ஒரு ஓரமும் ஒரு முகமும் நேராக்காத பலகையை டேபிள் சா மேல வைக்கவே வேண்டாம். ஜாயின்டர் (பலகையை நேரா இழைக்கற மெஷின்) இல்லைன்னா, நேரான 8 அங்குல அகலப் பிளைவுட் துண்டு ஒண்ணு எடுத்து, அது மேல மாம்பலகையை ஓரம் கொஞ்சம் வெளிய நீட்டற மாதிரி ஸ்குரூ போட்டு இறுக்குங்க. பிளைவுட் ஓரம் கைடுல ஓடும், மாம்பலகையோட வளைஞ்ச ஓரம் அறுபடும். கழட்டித் திருப்பினா ஒரு நேர் ஓரம் கையில. ஸ்குரூ பிளேடு போற வழியில வராம பார்த்துக்கங்க.

கிருஷ்ணகிரி பிளை வேலை:
இவ்வளவு பயப்படணுமா? நாங்க மார்பிள் கட்டரை ஒரு பிளைவுட் பெட்டியில தலைகீழா மாட்டி, 4 அங்குல மர பிளேடு போட்டு வருஷக்கணக்கா கிச்சன் வேலை பார்க்கறோம். கைடுக்கு ஒரு அலுமினிய சேனல். வேலை ஓடுது. வீட்டு வேலைக்கு எதுக்கு அவ்வளவு காசு?

பாலக்கோடு தச்சன்:
உங்க கை பழகின கை, அதனால ஓடுது. அதோட நீங்க அறுக்கறது பிளைவுட். அதுக்குள்ள இழுவிசை ரொம்பக் கம்மி, சுலபமா கவ்வாது. இவர் அறுக்கப் போறது ஒன்றேகால் அங்குல மாம்பலகை. 4 அங்குல பிளேடுல டேபிள் கனம் போனா மிச்சம் நிக்கறது ஒரு அங்குலம் கூட வராது. மார்பிள் கட்டர் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுத்துக்கு மேல ஓடற சாதனம். அதைத் தலைகீழா மாட்டி, சுவிட்சை அமுக்கின நிலையில கட்டி வச்சா, அவசரத்துக்குக் கை எங்க போகும்? பெட்டிக்கு அடியில. புதுசா வர்ற ஒருத்தருக்கு இந்த வழியைச் சொல்லாதீங்க தம்பி.

ஓசூர் ஃபிட்டர்:
சார், மெஷினை நல்லா இருக்கான்னு எப்படிப் பார்க்கறதுன்னு சொல்றேன். கடையிலயே, பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க.

பிளக்கைப் பிடுங்கிட்டு பிளேடை முழுசா ஏத்துங்க. ஒரே ஒரு பல்லு மேல ஸ்கெட்ச் பேனாவால புள்ளி வைங்க. டேபிள்ல நீளமா ஒரு பள்ளம் ஓடும், மைட்டர் பள்ளம். அந்தப் பள்ளத்து விளிம்புல காம்பினேஷன் ஸ்கொயரை (ஸ்கேலை நகர்த்திப் பூட்டற மூலைமட்டம்) சாய்ச்சு, புள்ளி வச்ச பல் முன்னாடி இருக்கும்போது ஸ்கேல் நுனி தொடற மாதிரி இறுக்குங்க. இப்ப பிளேடைக் கையால சுத்தி அதே பல்லைப் பின்னாடி கொண்டு போங்க, ஸ்கொயரையும் பின்னாடி நகர்த்துங்க. அங்கயும் அதே மாதிரி லேசா உரசணும். இடைவெளி தெரிஞ்சாலோ, முட்டி நின்னாலோ பிளேடு பள்ளத்துக்கு நேரா இல்லை. வேற பல்லுல அளக்காதீங்க. பிளேடு கோணல் இருந்தா அதுவும் கணக்குல சேர்ந்து உங்களை ஏமாத்தும். 0.1 எம்எம் வரைக்கும் வித்தியாசம் பரவாயில்லை.

பிறகு கைடை அந்தப் பள்ளத்து ஓரம் கொண்டு வந்து பூட்டுங்க. முன்னாடி, பின்னாடி ரெண்டு இடத்திலயும் விரலால தடவிப் பாருங்க. பின்பக்கம் பிளேடு பக்கமா சாஞ்சிருந்தா வேண்டவே வேண்டாம், அதுவே மரத்தைப் பிளேடோட நசுக்கும். கருகறதுக்கு பாதிக் காரணம் இதுதான். பூட்டின கைடோட பின்நுனியைக் கையால தள்ளுங்க. அசைஞ்சா அந்தக் கைடை நம்பி வேலை செய்ய முடியாது.

லோக்கல் மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். இரும்பு கனம், அதிர்வு கம்மி, இண்டக்‌ஷன் மோட்டார் சத்தம் கம்மி, கெட்டா கிருஷ்ணகிரியிலயே காயில் கட்டிடலாம். போர்ட்டபிள்ல இருக்கறது கார்பன் பிரஷ் மோட்டார். கத்தும், பிரஷ் தேயும். ஆனா லோக்கல் மெஷின்ல கைடும் தகடும்தான் பிரச்சினை. சில மாடல்ல பிளேடு அதே இடத்துல நிக்கும், டேபிள்தான் ஏறி இறங்கும். அந்த மாதிரி கிடைச்சா, பிளேடு நிக்கற ஃபிரேம்லயே ஒரு தகட்டை போல்ட் போட்டு நிறுத்தலாம், இடைவெளி மாறாது. லேத் பட்டறையில செஞ்சு தருவாங்க. பிளேடு ஏறி இறங்கற மாடல்னா அது நடக்கற காரியம் இல்லை.

மாந்தோப்பு:
சார், இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லை. நன்றி. கரண்ட் விஷயம்?

தர்மபுரி வயரிங்:
நான் சொல்றேன் சார். இண்டக்‌ஷன் மோட்டாரோட முறுக்கு வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி குறையும். 230ல இருக்கறதுல 190க்கு வந்தா மூணுல ரெண்டு பங்குதான் மிச்சம். 2 ஹெச்பி மெஷின் சாயங்காலம் ஒன்றரைக்கும் கம்மியாத்தான் வேலை செய்யும். சுமையோட திணறினா கரண்ட்டை இழுத்துச் சூடாகும். காலையில வோல்டேஜ் இருக்கும்போது அறுங்க, சாயங்காலம் ஒட்டற வேலை, தேய்க்கற வேலை வச்சுக்கங்க.

வீட்டுலேருந்து ஷெட் எவ்வளவு தூரம்? 30 மீட்டர்னு வச்சுக்கலாம். 1 ஸ்கொயர் எம்எம் வயர்ல 10 ஆம்பியர் போனா 11 வோல்ட் வழியிலயே போயிடும். 2 ஹெச்பி ஸ்டார்ட் ஆகும்போது அஞ்சு மடங்கு இழுக்கும், அப்ப 50 வோல்ட்டுக்கு மேல போகும். ஏற்கெனவே 190. மோட்டார் உறுமாம என்ன செய்யும்? 4 ஸ்கொயர் எம்எம் போட்டா ஓடும்போது 3 வோல்ட்தான் குறையும். வீட்டு மெயின் பெட்டி, அதான் டிபியிலேருந்து தனி லைன், தனி 20 ஆம்பியர் எம்சிபி (ட்ரிப் சுவிட்ச்), 16 ஆம்பியர் சாக்கெட், எர்த் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டாதீங்க.

இன்னொண்ணு. கரண்ட் போய் வந்தா மெஷின் தானா ஓடக் கூடாது. கடையில பிளேடைக் கழட்டச் சொல்லி ஓட விட்டு, ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கித் திரும்ப மாட்டச் சொல்லுங்க. மறுபடி பச்சை பட்டனை அமுக்கினாத்தான் ஓடணும். லோக்கல் மெஷின்ல சாதா சுவிட்ச் இருந்தா, கரண்ட் போனா தானா ஆஃப் ஆகற, நோ-வோல்ட் காயில் இருக்கற ஸ்டார்ட்டர் மாட்டிக்கங்க. நம்ம ஊர்ல கரண்ட் போனா, பலகையை அப்படியே விட்டுட்டுத் திண்ணையில போய் உட்கார்ந்துடுவோம். பிள்ளைங்க இருக்கற வீடுன்னு சொன்னீங்க, அதான் அழுத்திச் சொல்றேன்.

அரூர் மரப்பொம்மை:
பிளைவுட்டைப் பத்தி யாரும் பேசலையே. 8க்கு 4 அடி 18 எம்எம் ஷீட் 35 கிலோ பக்கம் வரும். அதைச் சின்ன டேபிள் சா மேல தூக்கி வச்சு ஒத்தையா தள்ளவே முடியாது தம்பி. பாதியில சாயும், மெஷினையே கவுக்கும். நாங்க தரையில தெர்மாகோல் ஷீட் போட்டு அது மேல பிளைவுட்டைப் படுக்க வைப்போம். 2 அங்குல அலுமினிய பாக்ஸ் செக்‌ஷனை கிளாம்ப்ல பிடிச்சு, கைச் சர்க்குலர் சாவை அது ஓரமாவே ஓட்டுவோம். தெர்மாகோலுக்குள்ள லேசா இறங்கற அளவு பிளேடு. பெரிய ஷீட்டை அப்படி மூணு நாலு துண்டாக்கிட்டா மீதியை டேபிள் சாவுல நைசா அறுக்கலாம்.

தகர ஷெட்ல தூசி அப்படியே நிக்கும். மரத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவுல வச்சிருக்கு. N95 மாஸ்க் போடுங்க, துண்டை வாயில கட்டிக்கிட்டா போதாது. கையில கிளவுஸ் வேண்டாம், லுங்கி வேண்டாம், தோள்ல துண்டு வேண்டாம்.

மாந்தோப்பு:
அக்கா, அந்தத் தெர்மாகோல் யோசனை ரொம்பப் பெரிய உதவி. நான் டேபிளைப் பெருசாக்கறதுக்கே பட்ஜெட்ல பாதியை வச்சிருந்தேன்.

முடிவு பண்ணிட்டேன். போர்ட்டபிள் 10 அங்குலம், தகடு உள்ளது. பாஷ் ஜிடிஎஸ் 254, டிவால்ட் டிடபிள்யூஇ 7492 ரெண்டையும் ஓசூர்ல இல்லைன்னா பெங்களூர்ல போய்ப் பார்த்து, ஃபிட்டர் சார் சொன்ன மாதிரி அளந்து, கைடு நேரா பூட்டறதை எடுக்கப் போறேன். பிளைவுட்டுக்குக் கைச் சர்க்குலர் சா. வயரிங் வேலை முடிஞ்ச பிறகுதான் மெஷின் வாங்குவேன்.

பிளேடு என்ன போடறது? கூட வர்ற ஒரே பிளேடு போதுமா?

பாலக்கோடு தச்சன்:
நல்ல முடிவு தம்பி. மாம்பலகை நீளவாக்குக்கு 24 பல்லு. பல்லு கம்மியா இருந்தா தூள் வெளியேற இடம் இருக்கும், சூடாகாது, கருகாது. குறுக்க அறுக்கவும் பிளைவுட்டுக்கும் 60 பல்லு. 60 பல்லைப் போட்டு நீளவாக்குல தள்ளாதீங்க, அதுவும் கருகும். அறுக்கும்போது பல்லு மரத்துக்கு மேல ஒரு பல் உயரம் தெரிஞ்சா போதும். கடைசி அரை அடிக்குக் கை போகக் கூடாது, தள்ளுகட்டை வச்சுத் தள்ளுங்க. பிளேடுக்கு நேரா நிக்காம இடது பக்கமா ஒதுங்கி நில்லுங்க.

தனியா பிளேடு வாங்கும்போது ரெண்டு அளவு பாருங்க. நடு ஓட்டை 25.4 எம்எம்மும் வரும், 30 எம்எம்மும் வரும். மெஷினுக்கு எதுன்னு கேட்டு எடுங்க. அடுத்தது கனம். தகடு பிளேடோட உடம்பை விடக் கனமாவும், பல் அறுக்கற வாயை விட மெலிசாவும் இருக்கணும். மெல்லிசு பிளேடு போட்டீங்கன்னா மரம் தகட்டுல போய் முட்டி நின்னுடும். தகட்டு மேலயே கனம் பொறிச்சிருக்கும். கடைக்குப் போகும்போது அதைக் கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போங்க, பிளேடு பக்கத்துல வச்சுப் பார்த்து வாங்கலாம்.